வாசலுக்கு ஒரு பச்சைப் பாய்

எங்கள் வீட்டு முன் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதை ஒட்டித்தான் என் தையல் மிஷின். காலையில் இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், மதியச் சோற்றுக்கு எழுந்திருப்பேன். திரும்ப உட்கார்ந்தால் விளக்குப் போடும் நேரம் வரை அங்கேதான். ஜன்னலுக்கு வெளியே வாசல். நாலு கட்டிலை நெருக்கிப் போட்டால் நிறைந்துவிடும் இடம். சுத்தமான செம்மண். அந்தச் செம்மண்தான் என் பிழைப்புக்கு எதிரியாக வந்து நின்றது.

ஒரு டீச்சரம்மா கிரீம் நிறப் பட்டில் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தார். தைத்து முடித்து ஜன்னல் பக்கம் மாட்டியிருந்தேன். காற்றில் வந்த மண் மெலிதாகப் படிந்திருந்தது என் கண்ணில் படவில்லை. தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டதும் தோளில் ஒரு திட்டு. டீச்சரம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, சத்தமே போடாமல் சொன்னார்:

"நான் குடுத்தது கிரீம் கலரு, அக்கா. நீங்க குடுக்கிறது காபி கலரு."

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இப்படிச் சொன்னதால் எழுதி வைத்துக்கொண்டேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அளவு எழுதும் நோட்டில் முன்பக்கம் எல்லாம் தோள், மார்பு, கை உயரம். கடைசிப் பக்கங்களில் வந்தவர்கள் போனவர்கள் சொன்ன பேச்சு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படிப்பெல்லாம் இந்தக் கடைசிப் பக்கங்களில்தான்.

என் வீட்டுக்காரர் டவுன் பஸ் கண்டக்டர். எதையும் நிறுத்தத்தின் பேரைச் சொல்வது மாதிரி சுருக்கமாக முடிப்பார். "பேவர் கல்லு போட்ருவோம். தூசியும் இல்ல, சேறும் இல்ல" என்றார். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் அதுதான். மண் தெரியாமல் சிமெண்டுக் கல்லை வரிசையாகப் பதித்துவிட்டார்கள். பார்க்கவும் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் எதிர்வீட்டுக்காரி தினமும் மதியம் எங்கள் வீட்டில் வந்து உட்காருகிறாளே, அது ஏன்? அவளே சொல்வாள்: "எங்க வாசல்ல அப்பளத்தப் போட்டா பொரிஞ்சு வந்துருங்க்கா. ஜன்னலத் தொறந்தா அடுப்பு வாயத் தொறந்த மாதிரி இருக்கு."

எனக்குத் தூசியும் ஆகாது. அடுப்பு வாயும் ஆகாது. பகல் முழுக்க அந்த ஜன்னலோரம் இருக்கப்போவது நான்தானே. அப்போதுதான் செல்போனில் அந்தத் தொப்பிக்காரம்மாவைப் பார்த்தேன். வெளிநாட்டுக்காரி. பெரிய தொப்பி போட்டு, முழங்காலுக்குக் கீழே ஒரு மெத்தையை வைத்துக்கொண்டு தோட்டத்தில் மண்டியிட்டிருப்பாள். அவள் பேசுவது ஒரு வார்த்தையும் எனக்குப் புரியாது. கை பேசுவது எல்லாம் புரியும். மண்ணோடு மண்ணாகப் படர்ந்து பாய் விரித்த மாதிரி தரையை மூடிக்கொள்ளும் செடிகள். ஒரு தடவை வைத்தால் வருசக்கணக்காக நிற்கும் பூச்செடிகள். இதுதான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். அதுதான் அவரிடம் நல்ல குணம்.

"சரி. ஆடிக் காத்து வரைக்கும் டைம். காத்து அடிக்கிற அன்னைக்கு உன் மிஷின் மேல தூசி இல்லேன்னா நீ சொன்னது. இருந்துச்சுன்னா நான் சொன்னது. கல்லுக்காரன்ட்ட ஆடிக்கு வரச் சொல்லிர்றேன்."

திண்டுக்கல்லில் ஆடிக் காற்று என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் கிடக்கும் வேட்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும். பரீட்சையில் கடினமான தாளை எடுத்து எனக்கு வைத்தார்.

தொப்பிக்காரம்மா வசந்தத்தில் நடுகிறாள் என்று படத்தைப் பார்த்தே கண்டுபிடித்தேன். மரமெல்லாம் அப்போதுதான் துளிர்த்திருந்தது. நமக்கு வேம்பு துளிர்ப்பதும் மா பூப்பதும் மாசி, பங்குனி. அப்படியானால் அதுதான் நடுகிற காலம் என்று நானே கணக்குப் போட்டேன். அவள் ஊரில் வசந்தத்துக்குப் பிறகு இளவெயில். நம் ஊரில் வசந்தத்துக்குப் பிறகு அக்கினி நட்சத்திரம். இந்தச் சின்ன வித்தியாசத்தை அவள் கை எனக்குச் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது மழைக்காலத்தை விட்டு வெயில் காலத்துக்கு முன்னால் செடி வைப்பார்களா? நான் வைத்தேன்.

முதல் ஆட்டம் தை மாதமே தோற்றது. தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து வேன் பிடித்துக் கொடைக்கானல் போனோம். மற்றவர்கள் சாக்லேட்டும் தைலமும் வாங்கினார்கள். நான் செடி வாங்கினேன். ஊதா, வெள்ளை, ரோஸ் என்று கொத்துக் கொத்தாகப் பூத்துக்கொண்டு, கன்னம் குளிர்ந்த குழந்தைகள் மாதிரி அவை இருந்தன. ஏழு தொட்டிகளை மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு வளைவுகளில் இறங்கினேன். பின் சீட்டில் இருந்தவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். நான் செடியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். வத்தலக்குண்டு நெருங்கியபோது எல்லாரும் ஸ்வெட்டரைக் கழற்றினோம். செடிகள் எதைக் கழற்றும்? தலையைத் தொங்கவிட்டன.

பத்து நாளில் ஏழும் போய்விட்டன. காய்ந்த தொட்டிகளைப் பார்த்து வீட்டுக்காரர் சொன்னார்: "டிக்கெட் எடுக்காம வந்த ஆளுக போல. நடுவழில எறங்கிட்டாக."

அதையும் நோட்டில் எழுதினேன்.

இரண்டாவது ஆட்டத்துக்கு மதுரை ரோட்டில் காந்திகிராமம் தாண்டி ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போனேன். பச்சை வலைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன செடி வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னேன்.

"வெயில்ல நிக்கணும். தண்ணி கம்மியாத்தான் கேக்கணும். யாராச்சும் மிதிச்சாலும் கோவிச்சுக்கக் கூடாது. வருசா வருசம் புதுசு தேட விடக் கூடாது."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "இந்த மாதிரி மாப்பிள்ளையே கெடைக்க மாட்டானேம்மா. செடிக்கு எங்க போறது?"

ஆனாலும் தேடி எடுத்தார். சுவரோரத்துக்குக் கனகாம்பரம். நடுவில் நிறத்துக்கு நித்தியகல்யாணி. படிக்கட்டுப் பக்கம் பத்துமணிப் பூ. கடைசியாக ஒரு தட்டு நிறையச் சின்னச் சின்ன இலையோடு தரையைக் கவ்விக்கொண்டு கிடந்த ஒரு செடி. "இது லிப்பியாம்மா. புல்லுக்குப் பதிலா இப்ப பங்களாக்காரங்கெல்லாம் இதத்தான் போடுறாங்க. பெங்களூர்லருந்து வரவழைக்கிறேன்" என்றார். பெங்களூர் என்றதும் அந்தத் தட்டுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. அதை மட்டும் நான் யார் கையிலும் கொடுக்கவில்லை.

மாசி பிறந்ததும் நட்டேன். லிப்பியாவைப் பிரித்து, ஒரு சாண் இடைவெளி விட்டு வாசல் முழுக்கப் பரப்பினேன். குழாயில் தண்ணீர் வருவது நாள் கணக்கு. அதனால் அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், பாத்திரம் முதல் அலசல் போக இரண்டாம் அலசல் என்று பிரித்துப் பிரித்து ஊற்றினேன்.

ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் அதன் பிறகு வாசலில் வழி பார்த்து நடக்க வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒரு பேச்சு. ஒருத்தி, "என்னக்கா, கோலம் போட எடமில்லாமப் பண்ணிட்டீக, காலைல எந்திரிக்க சோம்பலா?" என்றாள். இன்னொருத்தி பாம்பு வரும் என்றாள். விரல் நீளம் கூட உயராத செடிக்குள் எந்தப் பாம்பு ஒளியும் என்று கேட்டேன். "பாம்புக் குட்டி ஒளியும்ல" என்றாள்.

பெரிய பிரச்சினை நித்தியகல்யாணியில் வந்தது. ஒரு கல்யாணப் பெண்ணுக்குத் தைக்கக் கொடுக்க அவள் அம்மா வந்தார். தட்டில் பூ, பழம், மஞ்சள், நடுவில் பட்டுத் துணி. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, முகூர்த்தத் துணி உள்ள வார வாசல்ல சுடுகாட்டு மல்லியவா வைப்பாக?"

அந்தப் பூவுக்கு எங்கள் பக்கம் அப்படி ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நாற்றுப் பண்ணைக்காரர் நித்தியகல்யாணி என்று அழகாகச் சொன்னதில் மயங்கிவிட்டேன். அன்று சாயந்திரமே ஆறு செடியையும் பெயர்த்துக் கொல்லைப்புறம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கே அவை யாருடைய கல்யாணத்தையும் தொந்தரவு செய்யாமல் பூக்கின்றன.

லிப்பியா மட்டும் யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டு, கையூன்றிக் கையூன்றித் தவழ்கிற மாதிரி. பதினைந்து நாளில் இரண்டு கொடிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. அன்றைக்கு நான் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை அப்படியே போட்டுவிட்டு வாசலில் போய்க் குந்திப் பார்த்தேன்.

மாசித் திருவிழா வந்தது. எங்கள் ஊரில் இந்த நாட்களில் வீட்டுக்கு ஒரு விருந்தாளியாவது இருப்பார். எங்கள் வீட்டுக்கு என் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, வந்தார். சின்னாளப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். கத்தரிக்காயும் மல்லிகையும் போடுகிற குடும்பம். கையில் களைக்கொத்து இல்லாவிட்டால் அவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. உட்கார்ந்து பேசும்போது கூடத் தரையில் விரலால் எதையாவது கிளறிக்கொண்டிருப்பார். இருட்டின பிறகு வந்து இறங்கியதால் வாசலைச் சரியாகப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நான் பால்குடம் எடுக்கப் போனேன். வீட்டுக்காரருக்கு ஸ்பெஷல் பஸ் டியூட்டி. மதினிக்கு முழங்கால் வலி, நடக்க வரவில்லை.

"நீங்க போயிட்டு வாங்கத்தா. சமையலையும் வாசலையும் நான் பாத்துக்கிறேன்."

இந்த வார்த்தையில் என்ன பிழை கண்டுபிடிக்க முடியும்? சந்தோசமாகப் போனேன்.

வெயில் ஏறித் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டு முன்னால் நாலைந்து பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் பளபளவென்று இருந்தது. சிவப்பு மண்ணைத் துளி பச்சை இல்லாமல் செதுக்கி, பெருக்கி, சாணி தெளித்து, சுவர் வரைக்கும் ஒரு தேர்க்கோலம். அதற்குள் மஞ்சள், பச்சை, ரோஸ் கலர் பொடி. பச்சை என்று அங்கே இருந்தது அந்தக் கோலப் பொடி ஒன்றுதான். சுவரோரம் கனகாம்பரத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார். அது பூ என்று அவருக்குத் தெரியும்.

படிக்கட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மதினி உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படியொரு நிறைவு.

"ஏத்தா, வாசலா வச்சிருந்த? வாய்க்கா வரப்பு மாதிரி பொடுதலை மண்டிப் போயிக் கெடக்கு. அம்மன் வார தெருவுல நம்ம வீடு இப்பிடியா இருக்கிறதுன்னு, காலைலருந்து குனிஞ்ச தல நிமிரல."

நான் பால்குடச் செம்பை உள்ளே வைத்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தேன். மிதிக்கவில்லை, சும்மா உட்கார்ந்தேன். முழங்கால் வலியோடு ஒரு ஆள் எனக்காகக் காலையெல்லாம் குனிந்து செய்த வேலைக்கு எப்படிக் கோபப்படுவது? கோபப்படாமலும் எப்படி இருப்பது?

மதியம் வீட்டுக்காரர் வந்தார். வாசலைப் பார்த்து, "அடேயப்பா, நல்லாருக்கே" என்றபடி உள்ளே வந்தவர், என் முகத்தைப் பார்த்து நின்றார். திரும்ப வாசலைப் பார்த்தார். அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்:

"அக்கா, அது அவ காசு குடுத்து வாங்கி வச்ச செடி."

மதினி சோற்றுக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "எது?"

"நீ செதுக்குனது."

"பொடுதலையவா?"

"ஆமா."

"காசு குடுத்தா?"

"ஆமாங்கிறேன்ல."

"எவன்கிட்ட?" மதினியின் குரல் இப்போதுதான் உயர்ந்தது. "எவன் அவன்? எங்க வரப்புல வண்டி வண்டியாக் கெடக்கு. அதத் தட்டுல வச்சு வித்திருக்கான். பொடுதலைக்குப் பேரென்ன சொன்னான்?"

"லிப்பியா" என்றேன்.

"பேரு வச்சிருக்கான் பாரு, பேரு. காது குத்தியிருக்கானா?"

எனக்கு அழுகை வந்துகொண்டிருந்த நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து வந்தால் மூக்குதான் ஒழுகும். ஒழுகியது.

செதுக்கியதை எடுத்து ஒட்டலாம் என்றால் குப்பை வண்டி வந்து போய்விட்டிருந்தது. பத்துமணிப் பூவும் அதோடு போயிற்று. பங்குனி நாலு நாளில் பிறக்கப்போகிறது. நெற்றியைச் சொறிந்துகொண்டே வீட்டுக்காரர் கேட்டார், "அப்ப, கல்லுக்காரனுக்கு இப்பவே போன் போட்ரவா? ஆடி வரைக்கும் எதுக்கு?"

"எந்தக் கல்லு?" என்றார் மதினி.

எங்கள் பந்தயத்தை விவரமாகச் சொன்னோம். காபி நிற ரவிக்கை, எதிர்வீட்டு அப்பளம், ஆடிக் காற்று எல்லாம். மதினி கேட்டுக்கொண்டே எங்களுக்குச் சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்கிற ஆள் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. கடைசியில் தம்பியைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்:

"போன் கீன் போட வேணாம். செத்த பொறு."

திருவிழா முடிந்து ஊருக்குப் போய்விட்டார். ஐந்தாம் நாள் பதினொரு மணி வாக்கில் தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. மதினி இறங்கினார், பின்னாலேயே இரண்டு ஈரச் சாக்கு மூட்டைகள். முகம் சிவந்திருந்தது.

"ஒம் புருசன் எனக்கே லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டான்த்தா."

அவர் ஏறியது தம்பியின் பஸ்ஸாக அமைந்துவிட்டது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். மூட்டைக்கு இலவசம் இல்லை. "ஒம் பொண்டாட்டி வாசலுக்குத்தான்டா கொண்டு போறேன்னு சொல்றேன். பஸ்ஸே பாக்குது. 'பொம்பளைக்குத்தான் ஃப்ரீ, பொடுதலைக்கு இல்லக்கா'ங்கிறான். கூட இருந்தவுக சிரிக்கிறாக." சொல்லிக்கொண்டே அவரும் சிரித்தார். அந்த டிக்கெட்டை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். அவிழ்த்து எனக்குக் காட்டினார்.

மூட்டையைப் பிரித்தால், தட்டில் வாங்கிய லிப்பியாவைப் போல முப்பது மடங்கு இருக்கும். இலை கொஞ்சம் முரடு, தண்டு கொஞ்சம் தடிப்பு. வாய்க்கால் மண் வேரோடு ஒட்டியிருந்தது. வெயில் தாழும் வரை நிழலில் வைத்துவிட்டு, சாயந்திரம் வாசலைச் சேறாகக் குழைத்தோம். மதினி கொடியை விரல் நீளத்துக்கு நறுக்கி நறுக்கிக் கொடுத்தார், நான் பதித்தேன். கொஞ்ச நேரத்தில், "இப்பிடியாத்தா அமுக்குறது? பட்டன் தைக்கிற மாதிரி தைக்கிற" என்று அவரே பதிக்க ஆரம்பித்து நறுக்குகிற வேலையை எனக்குத் தள்ளினார்.

"அம்பது வருசமா இதப் புடுங்கிப் போட்டுத்தான் சோறு தின்னேன்" என்றார் குனிந்தபடியே. "இப்ப நட்டு வைக்கிறேன். எங்க ஊர்க்காரி எவளாவது பாத்தா, வெயில்ல மூள கலங்கிருச்சும்பா."

ஒரு விசயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. படிக்கட்டை ஒட்டி நாலடி அகலத்துக்கு வெறும் மண்ணாக விட வேண்டும் என்றார். அதில் செடி படக் கூடாது. "நீ தூசியப் பாக்குற. கோலம் போடாத வாசலுக்குள்ள யாரு வருவா? அம்மனுக்கும் கோலத்துக்கும் எடத்த விட்டுட்டு மிச்சத்துல என்னமும் பண்ணு." தொப்பிக்காரம்மாவின் தோட்டத்தில் கோலத்துக்கு இடம் கிடையாது. எனக்கும் தோன்றவில்லை. யோசித்துப் பார்த்தால், வந்தவர்கள் எல்லாரும் அவரவர் வழியில் அதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

மேலே தென்னங்கீற்றைப் பரப்பி நிழல் கொடுத்துவிட்டு மறுநாள் போனார். பத்துமணிப் பூவுக்கு எதிர்வீட்டுக்காரி அவள் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு கை ஒடித்து வந்து கொடுத்தாள். மதியத்தில் வந்து உட்காருவதற்கு வாடகை என்றாள்.

பங்குனி போனது. சித்திரை வந்து வறுத்தெடுத்தது. கீற்றை எடுத்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் பழுப்பு. ஜன்னலில் உட்கார்ந்தால் கண் துணியில் நிற்காது, வாசலுக்கே போகும். ஒரு தடவை கழுத்து வளைவை இரண்டு பக்கமும் முன்பக்கமாகவே வெட்டிவிட்டேன். தண்ணீர் வராத நாட்களில் எதிர்வீட்டிலிருந்து அரிசித் தண்ணீர் ஒரு குண்டானில் வரும். அளவு கொடுக்க வருகிறவர்கள் கையில் இருக்கும் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். பாம்புக் குட்டிக்காரி உட்பட.

ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்த வீட்டுக்காரர், கேட்டைத் திறந்து, செடியை மிதிக்காமல் சுவரோரமாகவே நடந்து வந்தார். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மிச்சத்தை ஒரு காய்ந்த மூலையில் ஊற்றினார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"பாட்டில் கழுவுனேன்" என்றார்.

ஆனியில் இரண்டு மழை பெய்தது. அவ்வளவுதான் அதற்கு வேண்டியிருந்தது. பழுப்பாகக் கிடந்த கொடியெல்லாம் சாகவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. ஒரே வாரத்தில் விளிம்பிலிருந்து உள்ளே, உள்ளிருந்து விளிம்புக்கு என்று மூடிக்கொண்டு வந்தது. பொத்தான் அளவு வெள்ளைப் பூ. தேனீ வந்தது. ஆட்களும் வந்தார்கள். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்ச ஒருத்தி, துவையலுக்கு ஒருத்தி என்று கிள்ளிக்கொண்டு போக, முதலில் எனக்குப் பொறுக்கவில்லை. பிறகு பார்த்தேன், நுனியைக் கிள்ளின இடத்தில் இரண்டாகக் கிளைத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஆடி பிறந்து இரண்டாம் வாரம். காலையிலிருந்தே காற்று. தெருவில் பிளாஸ்டிக் குடம் ஒன்று தானாகவே உருண்டு போனது. பத்து மணிக்கு வீட்டுக்காரர், கல்லுக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். சொன்ன சொல் தவறாதவர். கல்லுக்காரர் டேப்பை எடுத்து கேட் ஓரம் நின்றார். நான் ஜன்னலைத் திறந்து வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. கால் மிதிக்கிறது, ஊசியில் நூல் இல்லை என்பதைக் கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் உள்ளே வந்தார். மிஷினின் கறுப்பு உடம்பின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து ஒரு இழு இழுத்தார். விரலைப் பார்த்தார்.

"தூசி இருக்கு."

"இருக்கு" என்றேன். பொய் சொல்ல என்ன இருக்கிறது? கோடு தெரிந்தது. பேச்சுப்படி நான் தோற்றேன். கல்லுக்காரர் வெளியில் டேப்பின் நுனியைச் சுவரில் வைத்துவிட்டார்.

வீட்டுக்காரர் போகவில்லை. விரலை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். கிழிந்த ரூபாய் நோட்டையும் நல்ல நோட்டையும் பார்த்துப் பழகிய கண். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செகப்பா இல்லயே. சாம்பலா இருக்கு."

"அதுக்கென்ன?"

"நம்ம மண்ணு செகப்பு. இது தெருவுல தார் ரோட்டுத் தூசி. இது நம்மளுது இல்ல." விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "தெருத் தூசிக்கு நீ எப்பிடிப் பொறுப்பாவ?"

ஜன்னல் வழியே கல்லுக்காரரைக் கூப்பிட்டார். "அண்ணே, முழுசும் வேணாம். கேட்லருந்து என் பைக் ஏறி வர ரெண்டு வரிசை மட்டும் அளங்க. ஓரமா."

கல்லுக்காரர் டேப்பைச் சுருட்டினார். "ரெண்டு வரிசைக்கு வண்டி எடுத்துட்டு வாரதுக்கு எனக்கே கட்டாது சார்." சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்தார், கண்ணைக் கசக்கினார், எங்கள் வாசலுக்குள் இரண்டு எட்டு வைத்து நின்றார். "இங்குட்டு நின்னாத்தான் கண்ணத் தொறக்க முடியுது. சரி, வேற எடத்துல வேல முடிஞ்சு மிச்சங் கெடந்தா கொண்டாந்து போடுறேன்."

"கனகாம்பரம் பக்கம் வராமப் போடுங்க" என்றேன் உள்ளே இருந்தபடியே. அப்போதுதான் நூலைக் கோத்தேன்.

மதியம் மதினிக்குப் போன் போட்டேன். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம். தோட்டத்தில் இருந்தார்.

"கல்லு போடலயாம் மதினி. பைக்குக்கு ரெண்டே வரிசைதான்."

"ம்" என்றார். அவ்வளவுதான். சந்தோசத்தை எல்லாம் அந்த ஒரு எழுத்துக்குள் வைத்துக் கட்டிவிட்டார்.

"சரி, அது கெடக்கட்டும். நாளைக்கு வரப்பு செதுக்க ரெண்டு ஆளு வாராக. பொடுதலை கணுக்கால் மறையிற அளவுக்குக் கெடக்கு. இப்ப அதச் செதுக்கவா, விடவா? ஒன்னால எனக்குக் களைக்கொத்தப் புடிச்சாலே கை கூசுது."

"வாய்க்கா ஓரத்துல ஒரு பாத்தி மட்டும் விட்ருங்க மதினி. எதிர்வீட்டுக்காரி கேட்டுக்கிட்டே இருக்கா. அவ வாசல்ல நாலு கல்லப் பேத்துட்டுப் போடணுமாம்."

"பேத்துட்டாமா?" என்றார் மதினி. "மூட்டைக்கு டிக்கெட் யாரு எடுப்பா, கேட்டுச் சொல்லு."